திற, சேமி பெட்டிகள் போன முறை போன ஃபோல்டரை நினைவில் வைப்பது: லேப்வியூ, ப்யூர் டேட்டா

கேள்வி, பிப்ரவரி 9

லேப்வியூவில் (பெட்டிகளை வயரால் இணைத்துப் படமாக நிரல் எழுதும் மென்பொருள்) எழுதிய நிரலில் மூன்று இடங்களில் ஃபைல் டயலாக், அதாவது ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, வருகிறது. அளவீட்டு ஃபைலைத் திறக்க ஒன்று, கேலிப்ரேஷன் (கருவியின் அளவைத் திருத்தும் எண்கள்) ஃபைலை ஏற்ற ஒன்று, அறிக்கையைச் சேமிக்க ஒன்று. கடைசியாக எந்த ஃபோல்டரைத் தொட்டேனோ அதிலேயே மூன்றும் திறக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னுடைய பழைய இடத்தில் திறக்க வேண்டும், நிரலை மூடித் திறந்தாலும் அது மறக்கக் கூடாது. முடியுமா?

பிப்ரவரி 9, இரவு

முடியும். ஆனால் தானாக வராது, நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஃபைல் டயலாக்கில் ‘ஸ்டார்ட் பாத்’ என்று ஓர் உள்ளீடு இருக்கிறது. அதற்கு எதையும் வயர் செய்யாமல் விட்டால், கடைசியாக ஏதோ ஒரு ஃபைல் டயலாக்கில் எந்த ஃபோல்டரைப் பார்த்தீர்களோ அதுவே வந்து நிற்கும். எந்த வேலைக்காகத் திறந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று பெட்டிக்கும் சேர்த்து ஒரே நினைவு. நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஒரு சின்ன சப்-விஐ எழுதுங்கள் (விஐ என்பது லேப்வியூ நிரல், சப்-விஐ அதற்குள் கூப்பிடும் துணை நிரல்). அதற்குள் ஒரே ஒரு சுற்று ஓடி நிற்கும் வைல் லூப். லூப்பின் ஓரத்தில் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அதாவது ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும் நினைவிடம். அதன் இடப்பக்கத்துக்கு வெளியிலிருந்து ஆரம்ப மதிப்பு எதையும் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் விட்டால், போன அழைப்பில் வலப்பக்கம் எதை விட்டுப் போனீர்களோ அது அடுத்த அழைப்பில் இடப்பக்கம் காத்திருக்கும். அந்த வயரை ஸ்டார்ட் பாத்துக்குக் கொண்டு போங்கள். டயலாக்கிலிருந்து வரும் பாதையை ‘ஸ்ட்ரிப் பாத்’ வழியாக விட்டு ஃபைல் பெயரைக் கழற்றி, மிச்சத்தை வலப்பக்கம் சேருங்கள். முதல் அழைப்பில் ரெஜிஸ்டரில் வெற்றுப் பாதைதான் இருக்கும், அப்போது பழையபடியே திறக்கும், பிழை வராது.

மூன்று பெட்டிக்கு மூன்று சப்-விஐ. ஒன்றை எழுதிக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றினால் போதும்.

பிப்ரவரி 10, காலை

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். கேன்சல்.

பயனர் பெட்டியைத் திறந்து, மனம் மாறி, கேன்சல் அழுத்தினால் லேப்வியூ 43 என்ற பிழை எண்ணைத் தரும், பாதை வரும் வயரில் ‘நாட் எ பாத்’, அதாவது செல்லாத பாதை, வரும். நேற்று நான் சொன்னபடி அப்படியே வலப்பக்கம் சேர்த்திருந்தால் ஒரே ஒரு கேன்சலில் நினைவு அழிந்துபோகும். ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர் (நிலைமைக்கு ஏற்ப வழி பிரிக்கும் பெட்டி) வைத்து, கேன்சல் என்றால் இடப்பக்கத்து வயரை அப்படியே வலப்பக்கம் கடத்திவிடுங்கள். அப்புறம் அந்த 43-ஐயும் அங்கேயே அழித்துவிடுங்கள். கேன்சல் ஒரு தவறு இல்லை, பயனரின் பதில். அது பிழை வயரில் ஏறிப் போய் நிரலின் கடைசியில் சிவப்புப் பெட்டியாக வெடிப்பதைப் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

பிப்ரவரி 10, மாலை

‘மேக் கரன்ட் வேல்யூஸ் டிஃபால்ட்’ போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதும்போது, உங்கள் கணினியில், போதும் போலத் தோன்றும். அது அந்த நேரத்து மதிப்பை விஐ ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிற வேலை. எக்ஸ்இ (தனியாக ஓடும் நிரல் ஃபைல்) ஆக்கிக் கொடுத்த பிறகு பயனர் தேர்ந்தெடுப்பது அதற்குள் போய்ச் சேராது. ஓடும்போது மாறுகிற எதையும் வெளியே ஒரு ஃபைலில்தான் வைக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காக, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெப்பநிலையைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று, பல வருடங்களுக்கு முன் நான் எழுதியது. தொடங்கும்போது கேலிப்ரேஷன் ஃபோல்டரில் இருப்பதிலேயே புதிய ஃபைலை எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் எழுதியிருந்தேன். மூன்று இரவுகள் தொடர்ந்து பதிவு ஓடியது. கடைசி நாள் காலையில் யாரோ கேலிப்ரேஷன் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். அப்புறம் வந்தவர் ‘சேமி’ அழுத்தி, பெட்டி வந்ததும் என்டர் தட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டி எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நூறு முறை சரியாக வந்த பெட்டியை நூற்றொன்றாம் முறை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

பதிவு ஃபைல் கேலிப்ரேஷன் ஃபோல்டரில் விழுந்தது. இரண்டு ஃபைலும் இரண்டு நெடுவரிசை எண்கள்தான், வடிவம் ஒன்றே. அடுத்த முறை நிரல் தொடங்கியபோது அந்தப் பதிவையே கேலிப்ரேஷனாக எடுத்துக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஒரு வாரம் கழித்து உணரியைப் பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 0 காட்ட வேண்டிய இடத்தில் 7 டிகிரி. அந்த வாரத்து அளவீடு முழுவதையும் திரும்ப எடுத்தோம்.

அங்கே மூன்று பெட்டிக்கும் ஒரே நினைவு இருந்ததுதான் காரணம். திறக்கும் பெட்டி போன இடத்துக்குச் சேமிக்கும் பெட்டியும் போய்விட்டது.

பிப்ரவரி 12

காப்பி எடுத்து மூன்று சப்-விஐ வைக்கச் சொன்னேன் அல்லவா, அதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது.

அந்த ஒரே சப்-விஐயை ரீஎன்ட்ரன்ட் (ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து ஓடக்கூடியது) ஆக்குங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் முன்கூட்டியே தனி நகல் ஒதுக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பிளாக் டயகிராமில் (நிரலின் படத்தில்) அந்தச் சின்னத்தை எத்தனை இடத்தில் போட்டாலும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி நினைவிடம் கிடைக்கும். ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் ஒவ்வொன்றுக்கும் தனி. ஆக, பெட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடமே அதன் அடையாளம். பெயர் தேவையில்லை, எண் தேவையில்லை. படமாக நிரல் எழுதுவதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. வரிகளாக எழுதும் மொழியில் இதையே செய்ய மூன்று மாறிகளுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 13

நேற்று சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது அருமையாக வேலை செய்யும். ஆனால் கேள்வியில் தெளிவாகவே இருக்கிறது, நிரலை மூடித் திறந்தாலும் நினைவு இருக்க வேண்டும் என்று. ஃபைலில் எழுதி வைக்க ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு பெயர் வேண்டும், ‘அளவீடு’, ‘கேலிப்ரேஷன்’, ‘அறிக்கை’ என்று. இடமே அடையாளம் என்றால் எழுதுவதற்குப் பெயர் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: அளவீட்டு ஃபைலை மெனுவிலிருந்தும் திறக்கலாம், பொத்தானிலிருந்தும் திறக்கலாம் என்று வைத்திருந்தால் அவை இரண்டு இடங்கள், இரண்டு நினைவுகள். பயனருக்கு அது ஒரே வேலை. பொத்தான் ஓர் ஃபோல்டரையும் மெனு வேறு ஃபோல்டரையும் காட்டினால் முதலில் இருந்ததைவிட மோசமான குழப்பம்.

எனவே ரீஎன்ட்ரன்ட் வேண்டாம். ஒரே சப்-விஐ, அதற்கு ‘எந்த வேலை’ என்று ஒரு உள்ளீடு, அது ஒரு ஈனம் (enum, பெயரிட்ட தேர்வுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்). உள்ளே ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் ஒரே பாதைக்குப் பதில் பாதைகளின் அணி (array), அதாவது வரிசை. ஈனத்தின் மதிப்பு அந்த அணியில் எத்தனையாவது என்று சொல்லும். ரீஎன்ட்ரன்ட் இல்லாததால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டாலும் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது நுழையும். அதனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டயலாக்கை இந்தச் சப்-விஐக்குள் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு பெட்டி திறந்திருக்கும் வரை, இதே சப்-விஐயைக் கூப்பிடும் வேறு எந்த இடமும் வாசலிலேயே நிற்கும். நினைவை எடுப்பதும் வைப்பதும் மட்டும் இதன் வேலை, பெட்டி வெளியே இருக்கட்டும்.

பிப்ரவரி 13, சற்று நேரம் கழித்து

இன்னொரு திருத்தம், சின்னது. முதல் நாள் ‘ஸ்ட்ரிப் பாத்’ போடச் சொன்னேன். உண்மையில் அது இல்லாமலும் ஓடும். ஸ்டார்ட் பாத்தில் இல்லாத ஃபோல்டரையோ ஃபைலின் முழுப் பாதையையோ கொடுத்தால், லேப்வியூ கடைசியிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கழற்றிக்கொண்டே போய், உண்மையில் இருக்கிற ஒரு ஃபோல்டரில் நிற்கும். எதுவுமே மிஞ்சாவிட்டால் வெற்றுப் பாதைதான். யார் யோசித்துச் செய்ததோ, நல்ல ஏற்பாடு. நேற்று இருந்த ஃபோல்டரை இன்று யாரோ அழித்துவிட்டாலும் பெட்டி அதன் தாய் ஃபோல்டரில் திறக்கும், பயனர் பக்கத்தில்தான் இருப்பார்.

இருந்தாலும் நான் ஸ்ட்ரிப் பாத் போடுவேன். நினைவை எழுதி வைக்கும் ஐஎன்ஐ ஃபைலைத் (அமைப்புகளை வைக்கும் எளிய உரை ஃபைல்) திறந்து பார்க்கும்போது ஃபோல்டர் மட்டும் இருந்தால்தான் எனக்குப் புரிகிறது.

பிப்ரவரி 15

விண்டோஸே இதைப் பார்த்துக்கொள்ளுமே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்விக்கு.

விண்டோஸின் பொதுப் பெட்டி நினைவில் வைக்கத்தான் செய்கிறது. எந்த எக்ஸ்இ கடைசியாக எந்த ஃபோல்டருக்குப் போனது என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எக்ஸ்இயின் பெயரால்தான் வைத்திருக்கிறது, அதுதான் தொல்லை. ஒரு மென்பொருளுக்கு ஒரு நினைவு. படமாக நிரல் எழுதும் மென்பொருளில் இது இரண்டு மடங்கு தொல்லை, ஏனென்றால் அதற்குள் நாம் எழுதிய பத்து நிரல்கள் ஓடினாலும் விண்டோஸுக்குத் தெரிவது அந்த ஒரே எக்ஸ்இதான். நம் நிரல் தரவு ஃபைல் கேட்பதும், மென்பொருளே தன் நிரல் ஃபைலைத் திறப்பதும் அதற்கு ஒன்றே.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இதற்கு வழி கொடுத்திருக்கிறார்கள். ‘ஐஃபைல்டயலாக்’ இடைமுகத்தில் (நிரல்கள் விண்டோஸின் பெட்டியைக் கூப்பிடும் வழி) ‘செட்கிளையன்ட்ஜியுஐடி’ என்று ஒரு அழைப்பு உண்டு. ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு வைத்துக்கொள்ளும். நாம் ஈனம் வைத்து அணியில் செய்ததும் இதேதான். அதே இடைமுகத்தில் ‘செட்ஃபோல்டர்’, ‘செட்டிஃபால்ட்ஃபோல்டர்’ என்று இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். முதலாவது எப்போதும் இந்த ஃபோல்டரில்தான் திற என்பது. இரண்டாவது, நினைவில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் இதில் திற என்பது. முதலாவதைப் போட்டுவிட்டு, பெட்டி ஏன் நினைவில் வைக்க மாட்டேன் என்கிறது என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உலாவியில் ஓடும் நிரல்களுக்கும் இதே எண்ணம் வந்துவிட்டது. குரோம் 2020-இல் கொண்டுவந்த ஃபைல் சிஸ்டம் ஆக்சஸ் வசதியில், ஃபைல் தேர்ந்தெடுக்கும் அழைப்புக்கு இப்போது ஓர் ‘ஐடி’ கொடுக்கலாம். ஐடி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டரை உலாவி நினைவில் வைக்கும். முதல் முறைக்கு ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் என்று ஓர் ஆரம்ப இடத்தையும் சொல்லலாம். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலம், ஆனால் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று: வேலைக்கு ஒரு நினைவு.

பிப்ரவரி 16

பாத் கண்ட்ரோலை, அதாவது பாதையைத் தட்டும் கட்டத்தை, மறந்துவிட்டேன். ஃப்ரண்ட் பேனலில் (பயனர் பார்க்கும் திரையில்) அதன் பக்கத்தில் ஒரு ஃபோல்டர் பொத்தான் இருக்குமே, அதுவும் ஒரு ஃபைல் டயலாக்தான், நம் சப்-விஐ வழியாக வராது. அதன் பிரவுஸ் ஆப்ஷன்ஸ் பண்புகளில் ஸ்டார்ட் பாத் என்று ஒன்று இருக்கிறது, ப்ராப்பர்ட்டி நோட் (பண்பை மாற்றும் பெட்டி) வைத்து அதற்கும் நம் நினைவைக் கொடுங்கள்.

பிப்ரவரி 19

ப்யூர் டேட்டாவில் (ஒலிக்காகப் படமாக நிரல் எழுதும் மென்பொருள்) எப்படி என்று கேட்டவருக்கு.

அங்கே ‘ஓப்பன்பேனல்’, ‘சேவ்பேனல்’ என்று இரண்டு பொருள்கள். பேங் (‘செய்’ என்ற சமிக்ஞை) அனுப்பினால் பெட்டி திறக்கும். பேங்குக்குப் பதில் ஒரு சிம்பலாக (ஒரே துண்டு உரையாக) ஃபோல்டரின் பாதையை அனுப்பினால் அந்த ஃபோல்டரில் திறக்கும். திறப்பதற்கும் சேமிப்பதற்கும் தனித்தனி நினைவு, அது நல்லது. ஆனால் ஓப்பன்பேனலும் மெனுவில் இருக்கும் ‘ஓப்பன்’ கட்டளையும் ஒரே நினைவைப் பங்கு போடுகின்றன. நீங்கள் ஒலி ஃபைல் ஒன்றை எடுத்த பிறகு இன்னொரு பேட்சை (ப்யூர் டேட்டா நிரலை) திறக்கப் போனால் ஒலி ஃபோல்டரில் நிற்பீர்கள்.

நினைவைக் கட்டுவது இப்படி. ஒரு ‘சிம்பல்’ பெட்டி. அதன் வலது நுழைவாயில் குளிர்ந்த வாயில், வந்ததை வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. இடது வாயிலில் பேங் வந்தால்தான் விடும். ஆக பொத்தானை சிம்பலின் இடது வாயிலில் சேருங்கள், சிம்பலை ஓப்பன்பேனலில் சேருங்கள். ஓப்பன்பேனல் தருகிற பாதையை ‘ட்ரிகர்’ வழியாக இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சிம்பலின் வலது வாயிலுக்கும் இன்னொன்றை ஃபைலைப் படிக்கும் இடத்துக்கும் அனுப்புங்கள். ட்ரிகர் இல்லாமல் ஒரே வாயிலிலிருந்து இரண்டு வயர் இழுத்தால் எது முதலில் போகும் என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. ட்ரிகர் எப்போதும் வலமிருந்து இடம்.

ஆனால் லேப்வியூவில் பழகியவர் இங்கே ஏமாறுவார். ஓப்பன்பேனல் தருவது ஃபைலின் முழுப் பாதை. அதையே திரும்பக் கொடுத்தால் அது ஃபோல்டர் இல்லை என்று பார்த்து, சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுத் தன் பழைய இடத்தில் திறக்கும். கழற்றிக் கழற்றிப் பார்க்கும் பொறுமை இதற்கு இல்லை. ஆகவே நடுவில் ஃபைல் பெயரை நாமே வெட்ட வேண்டும், 0.52 பதிப்பிலிருந்து இருக்கும் ‘ஃபைல் ஸ்ப்ளிட்நேம்’ அதைச் செய்யும். இன்னொன்று, சோதித்துப் பார்க்க மெசேஜ் பெட்டியில் கையால் பாதையைத் தட்டும்போது ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் அது இரண்டு துண்டாகிவிடும். பெட்டியிலிருந்து வரும் சிம்பலில் இந்தப் பிரச்சினை இல்லை.

பிப்ரவரி 22

மூடித் திறந்தாலும் நினைவு இருக்க: லேப்வியூவில் கான்ஃபிகரேஷன் ஃபைல் விஐகள். ‘ரைட் கீ’க்கு பாத் வகையை நேராகவே கொடுக்கலாம், ஸ்ட்ரிங் ஆக்க வேண்டாம். ஐஎன்ஐயைத் திறந்து பார்த்தால் பாதை சாய்கோடுகளோடு, டிரைவ் எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி இல்லாமல் வேறு வடிவில் இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கையால் திருத்தாதீர்கள். எந்த இயங்குதளத்திலும் படிக்கும்படி அது அப்படித்தான் எழுதும், படிக்கும்போது சரியாக மாற்றிக்கொள்ளும்.

ஐஎன்ஐயை எக்ஸ்இக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உங்கள் கணினியில் ஓடும். நிறுவிக் கொடுத்த கணினியில் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனரால் எழுத முடியாது, நினைவு ஒருபோதும் பதியாது. ‘கெட் சிஸ்டம் டைரக்டரி’ விஐயில் பயனரின் அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டரைக் கேட்டு, அதற்குள் உங்கள் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே வையுங்கள். ஒரே கணினியை இருவர் வெவ்வேறு பெயரில் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனி நினைவு என்பதும் அதில் கிடைத்துவிடும்.

எப்போது எழுதுவது? நிரல் மூடும்போது மொத்தமாக எழுதலாம் என்றுதான் நானும் வைத்திருந்தேன். மின்சாரம் போனால் அன்றைய நினைவு போய்விடும். இப்போது பெட்டியில் ஓகே அழுத்தியவுடனே எழுதுகிறேன், ஒரு வரிதானே.

பிப்ரவரி 23

சேமிக்கும் பெட்டியைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பெட்டிக்கும் மூன்று நினைவு என்று சொன்னது திறக்கும் பெட்டிகளுக்குச் சரி. அறிக்கைக்குச் சரியா?

உங்கள் அறிக்கைகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்கின்றன என்றால் சரி. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, அளவீடும் அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், நினைவு உங்களை நேற்றைய சோதனையின் ஃபோல்டருக்குக் கூட்டிப் போகும். இன்றைய அளவீட்டைத் திறந்திருக்கிறீர்கள், சேமி அழுத்துகிறீர்கள், பெட்டி நேற்றைய ஃபோல்டரில் நிற்கிறது, அங்கே ஏற்கெனவே அதே பெயரில் ஓர் அறிக்கை இருக்கிறது. என் வெப்பநிலை நிரலில் நடந்ததற்கு இது அண்ணன்.

அதனால் இப்போது இப்படி மாற்றிக்கொண்டேன்: ஏதாவது அளவீட்டு ஃபைல் திறந்திருந்தால் சேமிக்கும் பெட்டி அந்த ஃபைலின் ஃபோல்டரில் தொடங்கட்டும். எதுவும் திறக்காத போது மட்டும் அறிக்கைக்கான நினைவு. அதுவும் இல்லாவிட்டால் ஆவணங்கள் ஃபோல்டர். ‘இப்படிச் சேமி’ என்று ஃபைலுக்குப் புதுப்பெயர் கொடுக்கும் பெட்டிக்கும் இதுவே, வந்த இடத்தில் தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 26

நெட்வொர்க் டிரைவ். நினைவில் இருக்கும் ஃபோல்டர் சர்வரில் இருந்து, சர்வர் இன்று கிடைக்காவிட்டால், பெட்டி திறப்பதற்கு முன் பல விநாடி நிரல் உறைந்து நிற்கும். நாமே முன்னாடி ‘இருக்கிறதா’ என்று சோதித்தாலும் அந்தச் சோதனையே அவ்வளவு நேரம் எடுக்கும். நான் கண்ட ஒரே நல்ல வழி, அந்தச் சோதனையை நிரல் தொடங்கும்போது தனி லூப்பில் ஓட விட்டு, பதில் வரும் வரை உள்ளூர் ஃபோல்டரைக் கொடுப்பது. ஐஎன்ஐயில் இருக்கும் பழைய பாதையை மட்டும் அழிக்காதீர்கள், நாளை சர்வர் வந்துவிடும். கழற்றக்கூடிய யுஎஸ்பி டிரைவுக்கும் இதேதான்.

அப்புறம் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி (யூனிகோடுக்கு முந்தைய) எழுத்துத் தொகுப்பு கிடையாது, யூனிகோட் மட்டும்தான். யூனிகோட் அறியாத பழைய நிரல்களில் அந்தப் பாதை கேள்விக்குறிகளாக மாறித்தான் நினைவில் ஏறும், அடுத்த முறை அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று வரும். அந்தக் கேள்விக்குறிகளை ஐஎன்ஐயில் பார்த்தால் ஷிஃப்ட் ரெஜிஸ்டரைச் சந்தேகிக்காதீர்கள்.

மார்ச் 2

கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஈனத்தோடு செய்துவிட்டார், மூன்று பெட்டியும் தனித்தனியே நிற்கின்றன, அறிக்கையை அளவீட்டின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கேலிப்ரேஷன் பெட்டி மட்டும் இரண்டாவது முறை நினைவை இழக்கிறதாம். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கேன்சல் கேஸில் வலப்பக்கச் சுரங்கத்துக்கு (வயர் வெளியேறும் துளைக்கு) எதுவும் சேர்க்காமல் ‘யூஸ் டிஃபால்ட் இஃப் அன்வயர்ட்’ (வயர் இல்லாவிட்டால் இயல்பு மதிப்பு) போட்டிருக்கிறார். அப்படியென்றால் கேன்சலில் வெற்று அணி போகும், மூன்று நினைவும் சேர்ந்தே போகும், கேலிப்ரேஷன் கண்ணில் முதலில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்கத்து வயரை நேராக இழுத்துச் சேருங்கள்.

என்னுடைய பழைய வெப்பநிலை நிரலையும் இந்தச் சாக்கில் திறந்தேன். கேலிப்ரேஷன் ஃபைலின் முதல் வரியில் அது கேலிப்ரேஷன் என்று எழுதும்படியும், அந்த வரி இல்லாத ஃபைலை ஏற்க மறுக்கும்படியும் மாற்றிவிட்டேன். ‘சேமி’ பொத்தானுக்குக் கீழே, அழுத்தினால் எந்த ஃபோல்டரில் திறக்கும் என்று முழுப் பாதையும் இப்போது தெரிகிறது.